பயிற்சி விமானமும் ஒரு வகுப்பறைதான்

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுதாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கமெண்ட் போடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை திருப்போரூர் பக்கம் விமானப்படையின் பயிற்சி விமானம் விழுந்ததல்லவா, அதைப் பற்றி நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் விழுந்தது என்று ரிப்போர்ட் வெளியே வருமா?" கேட்டது இவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்கள் வந்துவிட்டன. சுருக்கிப் பார்த்தால் அவை நான்கு பதில்கள்.

ஒன்று: "பைலட் தப்பித்துவிட்டாரே, அதைக் கொண்டாடுங்கள் டீச்சர்."
இரண்டு: "எஞ்சின் என்றால் நிற்கத்தான் செய்யும். நம்ம பஸ் நடுரோட்டில் நிற்கவில்லையா?"
மூன்று: "இது ராணுவ ரகசியம். வெளியே சொல்ல முடியாது."
நான்கு: "ராணுவத்தைக் கேள்வி கேட்பவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும்."

நான்காவதை எழுதிய தம்பிக்கு நான்தான் அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். அதனால் கோபம் இல்லை, ஆனால் பதில் சொல்லாமலும் விட முடியாது. நான்குக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து இரண்டு நாளில் இரண்டு பயிற்சி விமானங்கள் கீழே வந்தன. நவம்பர் 13, வியாழக்கிழமை, சேலத்திலிருந்து கிளம்பிய தனியார் பயிற்சி நிறுவனத்தின் செஸ்னா விமானம் நடுவானில் கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. முன்பக்க விசிறி சேதமானது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் நவம்பர் 14, மதியம் 2.25 மணி சுமாருக்கு, தாம்பரம் பக்கம் வழக்கமான பயிற்சியில் இருந்த விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 மார்க்-2 விமானம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கினார். பொதுமக்கள் சொத்துக்குச் சேதமில்லை, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது என்று விமானப்படை அறிவித்தது.

இந்த இரண்டு விபத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் இறங்கிய செஸ்னா சிவில் விமானம். சிவில் விமான விபத்துகளை விசாரிக்க 2012-ல் ஏற்படுத்திய விமான விபத்து விசாரணைப் பணியகம் இருக்கிறது. அதன் அறிக்கைகளை இணையத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். இந்த ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. ஒரே மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வெளியே வந்துவிட்டது. அதில் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம், சண்டை போடலாம். ஆனால் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. திருப்போரூரில் விழுந்தது விமானப்படை விமானம். அதற்கும் விசாரணை நடக்கும், அறிக்கையும் எழுதப்படும். ஆனால் அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அடுத்த விபத்து நடக்கும் நாளில் பத்திரிகைகள் பழைய விபத்துகளைப் பட்டியல் போடும்போது, தேதியும் ஊரும் இருக்கும். காரணம் இருக்காது.

இப்போது முதல் பதிலுக்கு வருகிறேன். பைலட் தப்பித்தார், கொண்டாடுங்கள்.

கொண்டாடுகிறேன். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, உயிரோடு வீட்டுக்குப் போனது. ஆனால் அந்தப் பிள்ளை எப்படித் தப்பித்தது என்று யோசித்தீர்களா? பிசி-7-ல் வெளியே பாயும் இருக்கை இருக்கிறது. அதனால் தப்பித்தார். அந்த இருக்கை இல்லாத விமானத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. இறக்கை இருக்கிறதே. மூக்கைச் சற்றுக் கீழே சாய்த்து, குறிப்பிட்ட வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் அது சறுக்கிக்கொண்டே வரும். செஸ்னா போன்ற சிறிய விமானம் ஓர் அடி உயரத்தை இழக்கும்போது ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் ஒன்பதாயிரம் அடி. அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர். ஆவடி ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் நேரம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், எரிபொருள் வால்வையும் பம்பையும் சரிபார்த்து எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும், ரேடியோவில் தகவல் சொல்ல வேண்டும், மின்கம்பி இல்லாத, மரம் இல்லாத, மனிதர் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயந்துபோய் மூக்கை மேலே தூக்கினால் வேகம் போய்விடும். வேகம் போனால் இறக்கை தாங்காது. அப்போதுதான் அது கல்.

இதைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2024 மார்ச் 5-ம் தேதி பிகாரில் புத்தகயா பக்கம் ராணுவத்தின் சிறிய பயிற்சி விமானம் கோளாறாகி வயலில் வந்து விழுந்தது. உள்ளே இருந்த ஆணும் பெண்ணும் உயிரோடு எழுந்து வந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், தலை வணங்குகிறேன். ஆனால் கீழே கொண்டுவந்து சேர்த்தது விமானியின் திறமை என்றால், மேலே கோளாறானது யாருடைய பொறுப்பு? முதல் பாதிக்கு மாலை போட்டுவிட்டு இரண்டாம் பாதியைக் கேட்காமல் விடுவதற்குப் பெயர் கொண்டாட்டமா? விபத்தில் பிள்ளை பிழைத்தால் "வீரம்" என்கிறோம். செத்தால் "விதி" என்கிறோம். இரண்டிலும் எஞ்சின் தப்பித்துக்கொள்கிறது.

இரண்டாவது பதில். எஞ்சின் என்றால் நிற்கும், பஸ் நிற்கவில்லையா.

ஒரு தடவை நின்றால் விபத்து என்று சொல்லலாம். திரும்பத் திரும்ப நிற்பது தெரிந்தும் அதிலேயே பிள்ளைகளை ஏற்றினால் அதை விபத்து என்று சொல்ல முடியாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. ஹெச்பிடி-32 தீபக் என்ற பயிற்சி விமானத்தின் கதை. வயதில் மூத்த நண்பர்களுக்கு நினைவிருக்கும்.

நம் ஹெச்ஏஎல் வடிவமைத்துத் தயாரித்த, அருகருகே இருவர் உட்காரும் விமானம். 1984-ல் விமானப்படைப் பயிற்சிக்கு வந்தது. விமானப்படையில் சேர்ந்த புதுப் பிள்ளைகள் முதன்முதலில் ஏறி உட்கார்ந்தது இதில்தான். நம் கணக்கில் சொன்னால் ஒன்றாம் வகுப்பு. வெளியே பாயும் இருக்கை இதில் கிடையாது. எஞ்சின் நின்றுபோவது இதன் பழைய வியாதி. 2009 ஜூலை 31-ம் தேதி ஆந்திராவில், இன்றைய தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் ஒன்று விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அதன்பிறகுதான் அத்தனை விமானங்களையும் தரையில் நிறுத்தினார்கள். அதுவரை 17 விபத்துகள், 19 விமானிகள் பலி என்பது அப்போது பத்திரிகைகளில் வந்த கணக்கு. விமானத்துக்கே ஒரு பெரிய பாராசூட் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். எஞ்சின் நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு வருகிற யோசனை அது. 2012-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்திடம் 75 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2013-ல் அவை வரும்வரை நான்கு வருடம் புதுப் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பயிற்சி கிரண் ஜெட்டில் நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நேராக மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்த கதை.

இந்த இடத்தில் எனக்குக் கும்பகோணம் நினைவுக்கு வருகிறது. 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். கீற்றுக் கூரையில் தீ. அந்த நாளில் பள்ளியில் வேலை பார்த்த எந்த ஆசிரியரும் அதை மறக்க மாட்டார்கள். நான் அப்போது வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. இரண்டு வகுப்புகள் அதில்தான் நடந்தன. வெயில் காலத்தில் அதன் கீழே நின்று பாடம் நடத்தும்போது மேலே பார்ப்போம். ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் மனு எழுதுவார், மேலே போகும், கீழே வராது. கும்பகோணம் எரிந்த பிறகு ஒரே மாதத்தில் கொட்டகையைப் பிரித்தார்கள். நிதி இல்லை என்று அத்தனை வருடம் சொன்னார்களே, அந்த நிதி எங்கிருந்து வந்தது?

கும்பகோணத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. வழக்கு நடந்தது. பத்திரிகைகள் விடாமல் எழுதின. பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கித் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்புக்கே காரணம் கும்பகோணம்தான். காரணம் வெளியே தெரிந்ததால் பரிகாரமும் வெளியே கேட்கப்பட்டது. அதே 2009-ல்தான் தீபக் விமானங்கள் நின்றன. அந்த 17 விபத்தில் எது எஞ்சினால், எது பராமரிப்பால், எது பயிற்றுநரால், யார் எப்போது எச்சரித்தார்கள், அதை யார் கிடப்பில் போட்டார்கள் என்று நீங்களோ நானோ எடுத்துப் படிக்க ஓர் அறிக்கை உண்டா? தீபக் விமானம் ஆகாயத்தில் பறந்த கீற்றுக் கொட்டகை. பிரித்துப் போட்டார்கள், சரி. அத்தனை வருடம் ஏன் பிரிக்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

புது விமானம் வந்துவிட்டதே, இனி என்ன என்பீர்கள். 2023 டிசம்பர் 4-ம் தேதியைச் சொல்கிறேன். அன்று காலை துண்டிக்கல் விமானப்படை அகாதமியிலிருந்து கிளம்பிய பிசி-7, அதே மேடக் மாவட்டத்தில் தூப்ரான் பக்கம் விழுந்தது. உள்ளே ஒரு பயிற்றுநர், ஒரு பயிற்சி மாணவர். இருவரும் இறந்தார்கள். நம்மில் பலருக்கு அந்தச் செய்தியே தெரியாது. அன்று நாம் மிக்ஜாம் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். ஆனால் அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் பாடம் நடக்கும்போதே வகுப்பறையில் இறந்துபோனார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்திருந்தால் நீங்களும் நானும் சும்மா இருந்திருப்போமா?

பயிற்சி விமானத்தை வகுப்பறை என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் என்ன இருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்கே தெரியாது. அங்கே இருப்பது விமானப் பயிற்றுநர் பள்ளி. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, மற்றவர்களுக்கு எப்படி ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என்று கற்பிக்கும் பள்ளி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தேனே, அதுமாதிரி அவர்களுடைய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அது. அந்தத் தாம்பரத்து வானத்தில்தான், குழந்தைகள் தினத்தன்று, இந்த விமானம் விழுந்தது. எந்த ஆசிரியரும் முதலில் கேட்பது பிள்ளைகளின் கையில் கொடுக்கும் சாமான் பத்திரமானதா என்பதைத்தான். அறிவியல் பாடத்துக்கு ஸ்பிரிட் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் திரியைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிடுவோம்.

மூன்றாவது பதில். ராணுவ ரகசியம்.

எது ரகசியம்? பிலாட்டஸ் பிசி-7 விமானங்களைப் பல நாடுகள் வாங்கி ஓட்டுகின்றன. அதில் இருக்கும் பிடி-6 வகை எஞ்சின் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில்கூட இருக்கிறது. ஏவுகணை இல்லை, ரேடார் ரகசியம் இல்லை. பிள்ளைகளுக்கு ஏறி இறங்கச் சொல்லிக் கொடுக்கும் விமானம். எரிபொருள் குழாய் அடைத்ததா, பேரிங் தேய்ந்ததா, பறவை மோதியதா, பராமரிப்பில் ஒரு நட்டு விட்டுப்போனதா என்று சொன்னால் எந்த எதிரி நாடு என்ன செய்துவிடும்?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 2006 செப்டம்பர் 2-ம் தேதி ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பயிற்சி விமானம் இல்லை, போர்முனையில் பறந்த உளவு விமானம். ரகசியம் என்றால் அதுதான் ரகசியம். அதற்கே சார்லஸ் ஹேடன்-கேவ் என்ற வழக்கறிஞரை வைத்து முழுதாக விசாரித்து, 2009-ல் அறிக்கையை அச்சடித்து வெளியிட்டார்கள். அதிகாரிகள் பெயர், நிறுவனங்கள் பெயர் எல்லாம் அதில் இருந்தன. சிக்கனம் என்ற பெயரில் பாதுகாப்பை எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று புட்டுப்புட்டு வைத்தார். அடுத்த வருடமே ராணுவ விமானப் பாதுகாப்புக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது. இன்றைக்கு அவர்களுடைய ராணுவ விமான விபத்து அறிக்கைகள் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ரகசியப் பகுதியைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு மீதியைக் கொடுக்கிறார்கள். அதனால் பிரிட்டிஷ் விமானப்படை தோற்றுப்போய்விட்டதா?

இதில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "டீச்சர், ரிப்போர்ட் வெளியே வரும் என்றால் மெக்கானிக்கும் பைலட்டும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உள்ளே இருக்கும் என்றால்தான் மனசைத் திறந்து பேசுவார்கள்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வகுப்பில் ஜன்னல் உடைந்தால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்காது. ஆனால் இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் பெரிய விபத்துக்கு இரண்டு விசாரணைகள். ஒன்று பாதுகாப்புக்கானது. அதில் சொன்னது வெளியே போகாது, சொன்னவர் மீது அதை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது. இன்னொன்று தனி விசாரணைக் குழு. அதன் அறிக்கை குடும்பத்துக்கும் பொதுமக்களுக்கும் போகும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும். மனம் இருந்தால்.

அறிக்கை வெளியே வராததால் வருகிற கேடு இன்னொன்று. பழி எல்லாம் விமானி தலையில் விழும். நம் குன்னூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 8-ம் தேதி ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் விமானப்படை ஒரு சிறு அறிக்கை விட்டது. திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் போனதால் விமானிக்குத் திசை புலப்படவில்லை என்றார்கள். மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையில் ஒரு பட்டியல் வந்தது. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள். பாதிக்கு மேல் "மனிதத் தவறு". குன்னூருக்கு நேரேயும் "மனிதத் தவறு, விமானக் குழு" என்று போட்டிருந்தது. நாட்டின் தலைமைத் தளபதி இறந்த விபத்துக்கே நமக்குக் கிடைத்த கடைசிச் சொல் அவ்வளவுதான்.

பரீட்சையில் பையன் பெயில் ஆனால் "பையன் படிக்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அது பொய்யாகக்கூட இருக்காது. ஆனால் ஏன் படிக்கவில்லை? கண் தெரியவில்லையா, பசியா, வாத்தியார் வரவில்லையா, புத்தகம் கிடைக்கவில்லையா? அந்தக் கேள்விகளைக் கேட்காமல் மூடிய கோப்பு அடுத்த பையனையும் பெயிலாக்கும். இறந்த விமானி எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியாது. அதற்காகவாவது முழு அறிக்கை வேண்டும்.

அது விமானத்தில் ஏறியவர்கள் பாடு, நமக்கென்ன என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் நின்ற விமானம் பட்டாளத்து நிலத்தில்தான் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை. இந்த ஜூலை 21-ம் தேதி வங்கதேச விமானப்படையின் பயிற்சி ஜெட் டாக்காவில் மைல்ஸ்டோன் பள்ளிக் கட்டடத்தின் மேலேயே விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஓர் ஆசிரியை பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்து, தீக்காயத்தில் இறந்துபோனார். முதல் நாள் இயந்திரக் கோளாறு என்றார்கள். விசாரணைக் குழு இந்த மாதத் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தபோது விமானி ஓட்டிய விதத்தில் தவறு என்று முடிவு வந்தது. தொடக்கநிலைப் பயிற்சியை டாக்காவுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிப் பரிந்துரையும் வந்தது. அது ஊருக்கே தெரிந்தது. முதல் நாள் சொன்ன காரணம் வேறு, விசாரணை சொன்ன காரணம் வேறு. விசாரணை முடிவை மறைத்திருந்தால் முதல் நாள் சொன்னதே நிலைத்திருக்கும்.

கடைசியாக நான்காவது பதில். ராணுவத்தைக் கேள்வி கேட்பவர்கள் யார் என்று தெரியும்.

யார் தம்பி? நம் ஊர் எந்த ஊர் என்று யோசித்துவிட்டு எழுதியிருக்கலாம். இது ஆவடி. டேங்க் பேக்டரி, எஞ்சின் பேக்டரி, கிளாதிங் பேக்டரி என்று ராணுவத்துக்குச் சாமான் செய்துகொடுத்துச் சாப்பிட்ட ஊர். பக்கத்தில் விமானப்படை நிலையம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா சைக்கிளில் பேக்டரி ஷிப்டுக்குப் போனவர்கள். உன் அப்பாவும்தான். அவரிடமே கேட்டுப் பார். ஒரு உதிரிப் பாகம் ஆய்வு முத்திரை இல்லாமல் அடுத்த மேசைக்குப் போகுமா? "இது தேசத்துக்கான டேங்க், அளவெல்லாம் பார்க்காதே" என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா? தேசத்துக்கானது என்பதால்தான் இரண்டு முறை அளந்தார். அளந்து பார்க்கிறவன் துரோகி, கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிறவன் பக்தன் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. அந்த விமானங்களில் ஏறப்போவது யார் பிள்ளைகள்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எத்தனை வீட்டில் பிள்ளைகள் என்டிஏ தேர்வுக்கும் விமானப்படைத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பயிற்சி மையங்களின் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். போன வருடம் ஒரு பழைய மாணவி மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், இவள் பைலட் ஆகணுமாம், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். ஆசீர்வாதம் மட்டும் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இப்போது உள்நாட்டிலேயே ஹெச்டிடி-40 என்ற புதுப் பயிற்சி விமானம் வருகிறது. 70 விமானங்களுக்கு 2023-ல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. நம் நாட்டில் செய்வது, பெருமைதான். அந்தப் பெண் ஏறப்போவது அதில்தான். அந்த விமானத்தின் முதல் எஞ்சின் கோளாறு முதல் நாளே வெளியே பேசப்படுமா, இல்லை தீபக் மாதிரி 25 வருடம் கழித்தா? இதைக் கேட்பது எந்த விதத்தில் தேசத்துக்கு விரோதம்?

எனக்கு வேண்டியது மூன்றே மூன்று.

1. பயிற்சி விமான விபத்து எதுவானாலும், உயிர்ச்சேதம் இல்லாமல் வயலில் இறங்கியதானாலும், ஒரு வருடத்துக்குள் அதன் காரணத்தைச் சொல்லும் சுருக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். ரகசியம் என்று படுகிற வரிகளை அழித்துக்கொள்ளட்டும்.

2. அந்த அறிக்கை சொன்ன பரிகாரம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். "மனிதத் தவறு" என்று இரண்டு வார்த்தையில் பட்டியல் போடுவது போதாது.

3. பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு, கேட்காமலே, முழு அறிக்கையைக் கையில் கொடுக்க வேண்டும். கொடியும் சல்யூட்டும் கொடுக்கிற கையால் அதையும் கொடுக்கட்டும்.

இதற்குப் போராட்டம், மறியல் எதுவும் வேண்டாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் எம்.பி.க்கு எழுதுங்கள். அம்பத்தூர்க்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.க்கு எழுதுங்கள். தாம்பரமும் அதே தொகுதிதான் என்பதால் அவருக்கு இரட்டைக் கடமை. நவம்பர் 14 திருப்போரூர் விபத்தின் காரணத்தை நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேளுங்கள் என்று ஒரு போஸ்ட் கார்டு போதும். நான் நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே தெரிவிக்கிறேன்.

பகிர விரும்புகிறவர்கள் முழுதாகப் பகிருங்கள், பாதியை வெட்டிப் போடாதீர்கள். எதிர்த்து எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், ஆனால் மூன்று கோரிக்கையில் எது தப்பு, ஏன் தப்பு என்று எண் போட்டு எழுதுங்கள். "டீச்சருக்கு வயசாகிவிட்டது" என்று எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.